கேட்கத் தெரிந்த உபாத்தியாயர்

13 வயதுக்கும் 17 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் இரண்டு. அவர்கள் பாடப் புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் படிப்பதில்லை என்பது ஒன்று; சொந்தமாக நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுத அவர்களுக்கு வருவதில்லை என்பது மற்றொன்று. இந்த முறையீடு எந்த ஒரு தேசத்துக்கும் தனியுரிமையானதன்று. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து மலையடிவாரப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஜான் மார்ஸ்டனும் 1980களில் தம் மாணவர்களிடம் இதே அசிரத்தையைக் கண்டார். ஆனால், கண்டதும் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிடாமல், அவர்கள் எதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள், தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைக்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்து, அவர்களுக்காகத் தாமே ஒரு நாவலை விடுமுறையில் மூன்றே வாரத்தில் எழுதி முடித்தார். அந்தச் சிறு முயற்சியிலிருந்து விரிந்த வாழ்க்கை, இளையோர் இலக்கியத்தில் ஆர்வமுள்ளவர்களும், வகுப்பறையில் கட்டுரைப் பயிற்சி நடத்துகிறவர்களும் ஒருங்கே அறிந்துகொள்ளத் தக்கது.

மார்ஸ்டன் 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி மெல்பர்ன் நகரில் பிறந்தவர். பால்யப் பருவம் விக்டோரியாவின் கைனடன் என்னும் சிற்றூரிலும், டாஸ்மேனியாத் தீவின் டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரிலும் கழிந்தது. அங்கே ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்தபோது, அவருடைய ஆசிரியை வகுப்புப் பத்திரிகையைத் தொகுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். தான் எழுதியதைப் பிறர் படிக்கிறார்கள் என்ற இன்பத்தை ஒரு சிறுவன் முதன்முதலாகச் சுவைத்த சந்தர்ப்பம் அது. எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசை அந்த வயதிலேயே வேரூன்றிவிட்டது.

பத்து வயதில் குடும்பம் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. பாரமட்டாவிலுள்ள கிங்ஸ் ஸ்கூல் என்னும் பழைமையான பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். ராணுவ பாணியிலான சீருடையும், அதற்கேற்ற கட்டுப்பாடும், கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் ஒழுங்கும் அங்கே பிரதானம். சுயமாகச் சிந்திக்க விரும்பிய பையனுக்கு அந்தச் சூழ்நிலை ஒத்துவரவில்லை. அக்காலத்தில் அவர் கைக்குக் கிடைத்த புத்தகங்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. ஸாலிஞ்ஜர் 1951இல் வெளியிட்ட 'தி கேட்சர் இன் தி ரை' என்னும் நாவல். பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் சொந்த மொழியில், தன் சொந்தக் குழப்பத்தோடு, யாருக்கும் நல்லபிள்ளையாக நடிக்காமல் பேசுகிற அந்தப் புத்தகம் அவரைத் திகைக்க வைத்தது. தன் வயதுக்காரன் ஒருவனின் உண்மையான குரல் அச்சில் வரக்கூடும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய இளையோர் நாவல்கள் அனைத்துக்கும் இந்த அனுபவமே பீஜம் என்று சொல்லலாம்.

ஆயினும் அந்த விதை முளைவிடப் பல வருஷங்கள் பிடித்தன. சிட்னி சர்வகலாசாலையில் சேர்ந்த படிப்பை அவர் முடிக்கவில்லை. மனச்சோர்வு அவரைக் கடுமையாகப் பீடித்தது. மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறவும் நேர்ந்தது. இதை அவர் என்றுமே மறைத்ததில்லை. துயருறும் இளைஞர்களுக்குத் தைரியம் உண்டாகும் என்ற எண்ணத்தோடு வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பிறகு இறைச்சிக் கூடம், மருத்துவமனை, பிணவறை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல இடங்களில் வேலை பார்த்து, எதிலும் நிலைகொள்ளாமல் அலைந்த பின், 28ஆவது வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். சேர்ந்த மாத்திரத்திலேயே தமக்குரிய இடம் இதுதான் என்று கண்டுகொண்டார். அலைந்து திரிந்த அந்த ஆண்டுகளும் வீணாகிவிடவில்லை. மனிதர்களை அவர்கள் நிலையில் நின்று பார்க்கும் பழக்கத்தை அந்த வேலைகள் அவருக்குக் கொடுத்தன. துன்பத்தில் உழலும் ஒரு பிள்ளையின் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்பதை மருத்துவமனை நாள்கள் கற்றுக்கொடுத்தன.

ஜீலாங் கிராமர் ஸ்கூல் என்னும் பிரசித்தி பெற்ற பள்ளியின் டிம்பர்டாப் கிளையில் அவர் ஆங்கிலத் துறைக்குத் தலைவரானார். 1953இல் தொடங்கப்பட்ட டிம்பர்டாப் ஒரு விசேஷமான ஸ்தாபனம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு முழு ஆண்டு நகரத்தை விட்டு விலகி, மான்ஸ்ஃபீல்ட் ஊருக்கு அருகே மலைக்காட்டின் நடுவே சிறு விடுதிகளில் சேர்ந்து வாழ்கிறார்கள். வெந்நீர் வேண்டுமானால் விறகு பிளந்து அடுப்பு மூட்ட வேண்டும். வார இறுதிகளில் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டும். வீட்டாரோடு தொடர்புகொள்ளக் கடிதம் எழுத வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு இப்படி இரவும் பகலும் கூடவே வாழ்கிற ஆசிரியனுக்கு, வகுப்பறை ஆசிரியனுக்குக் கிட்டாத ஒரு வாய்ப்பு கிட்டுகிறது. பிள்ளைகள் பாடத்துக்காகப் பேசும் மொழியையும், பசியிலும் களைப்பிலும் சண்டையிலும் சமாதானத்திலும் பேசும் மொழியையும் அவன் அருகருகே வைத்துக் கேட்க முடிகிறது. முதலாவது இரவல் மொழி. இரண்டாவதே அவர்களுக்குச் சொந்தமான மொழி. மார்ஸ்டன் தம் நாவல்களுக்கு இந்த இரண்டாவது மொழியைத் தேர்ந்துகொண்டார்.

முதல் நாவலான 'ஸோ மச் டு டெல் யூ' 1987இல் வெளிவந்தது. முகம் சிதைந்து, பேச்சை அறவே நிறுத்திவிட்ட பதினான்கு வயதுச் சிறுமி மரீனாவை, மருத்துவமனையிலிருந்து விடுதிப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கே ஆங்கில ஆசிரியர் ஒருவர் வகுப்பிலுள்ள எல்லாரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார். வாய் திறவாத அந்தப் பெண் தாளில் மெல்ல மெல்லப் பேசத் தொடங்குகிறாள். நாவல் முழுவதும் அவளுடைய அந்த நாட்குறிப்பேதான். மனநல மருத்துவமனையில் மார்ஸ்டன் கண்ட, பேசாதிருந்த சிறுமி ஒருத்தியின் நினைவும் இக்கதைக்கு ஆதாரமாக நின்றது. 1988இல் ஆஸ்திரேலியச் சிறுவர் நூல் மன்றம் இதனை மூத்த சிறார்களுக்கான ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுத்தது. படிக்கவே மாட்டார்கள் என்று பெயரெடுத்த வயதினர் இந்தப் புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

மார்ஸ்டனின் நூல்களில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. அவருடைய முக்கியமான கதைகளில் எழுதுவது என்பதே கதையை நடத்திச் செல்லும் சக்தியாக விளங்குகிறது. முதல் நாவல் ஒரு நாட்குறிப்பு. அதன் தொடர்ச்சியாக வந்த 'டேக் மை வர்ட் ஃபார் இட்' அதே விடுதியில் வாழும் மற்றொரு பெண்ணின் நாட்குறிப்பு. முந்தைய நூலில் நாம் ஒரு பக்கத்திலிருந்து கண்ட சம்பவங்கள் இதிலே வேறொரு பக்கத்திலிருந்து வேறு உருவம் கொள்கின்றன. 1991இல் வெளிவந்த 'லெட்டர்ஸ் ஃப்ரம் தி இன்சைட்' நேரில் சந்தித்திராத இரண்டு பெண்கள் எழுதிக்கொள்ளும் கடிதங்களால் ஆனது. கடிதத்தில் சொல்லப்படுவதற்கும் சொல்லாமல் விடப்படுவதற்கும் இடையேயுள்ள தூரத்திலேதான் அதன் பயங்கரமும் சோகமும் அடங்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கிறவர், எழுத்து ஒரு மனித உயிருக்கு என்ன செய்ய வல்லது என்பதைக் கதைகளின் மூலமாகவே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார் என்று சொல்வது மிகையாகாது.

1993இல் வெளியான 'டுமாரோ, வென் தி வார் பிகேன்' அவருடைய புகழைக் கடல் கடந்து கொண்டுசென்றது. ஆஸ்திரேலியாவில் போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்ஸாக் தினத்தன்று, பழைய போர்வீரர்களின் அணிவகுப்பை வீதியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களைக் கண்டபோது, அந்தத் தலைமுறைக்கு வந்த சோதனை இவர்களுக்கும் வந்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்ததாம். இளைஞர்கள் சோம்பேறிகள், சுயநலமிகள் என்ற பேச்சு பத்திரிகைகளில் மலிந்திருந்த காலம் அது. தம் வகுப்பில் தாம் பார்த்த பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதை அவர் அறிவார். ஆகவே, விர்ராவீ என்ற கற்பனை ஊரைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் மலைக்காட்டில் முகாமிட்டுத் திரும்பும்போது, தங்கள் ஊர் அந்நியப் படையின் வசமாகி, பெற்றோர்கள் பொருட்காட்சி மைதானத்தில் சிறைவைக்கப்பட்டிருப்பதைக் காண்பதாகக் கதையை அமைத்தார். அவர்கள் ஒளிந்து வாழும் பள்ளத்தாக்கு விக்டோரிய ஆல்ப்ஸ் மலைகளின் சாயலைக் கொண்டது. பண்ணையில் வளர்ந்த எல்லி லிண்டன் என்ற பெண்ணே கதைசொல்லி. நடந்தவை யாவும் மறந்துபோகாமல் இருக்கவேண்டும், தாங்கள் வாழ்ந்ததற்கும் போராடியதற்கும் சாட்சி இருக்கவேண்டும் என்று தோழர்கள் கூடி முடிவுசெய்து, எழுதும் பொறுப்பை அவளிடம் ஒப்படைக்கிறார்கள். இங்கேயும் எழுத்துத்தான் கதையின் ஆணிவேர்.

1999 வரை இந்த வரிசையில் ஏழு நூல்கள் வெளிவந்தன. எல்லியின் பிற்கால வாழ்க்கையைக் கூறும் வேறு மூன்று நூல்கள் பின்னர் தொடர்ந்தன. 2010இல் முதல் நூல் திரைப்படமாயிற்று. உலகெங்கும் அவருடைய புத்தகங்கள் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. படையெடுத்த தேசம் எது என்று ஆசிரியர் எங்கும் பெயர் சுட்டவில்லை. என்றாலும், அந்நியர் வந்து நாட்டைப் பறித்துக்கொள்வார்கள் என்று ஆஸ்திரேலிய வெள்ளையரிடையே நெடுங்காலமாக நிலவிவந்த அச்சத்துக்கு இக்கதை தீனியிடுகிறது என்ற கண்டனமும் எழாமலில்லை. அந்தக் கண்டனத்தை ஒதுக்கித் தள்ளுவது நியாயமாகாது. அதே வேளையில், இதே எழுத்தாளர் 1998இல் ஷான் டானின் சித்திரங்களோடு 'தி ராபிட்ஸ்' என்ற படப் புத்தகத்தை வெளியிட்டார் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். வந்தேறிய முயல்கள் ஒரு நாட்டின் மண்ணையும் மரங்களையும் குழந்தைகளையும் பறித்துக்கொள்வதை, பறிகொடுத்த பிராணிகளின் வாயிலாகச் சொல்லும் அந்த நூல், ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றியது. படையெடுப்பு என்ற ஒரே விஷயத்தை இரண்டு திசைகளிலிருந்தும் நோக்கிய எழுத்தாளர்கள் அதிகம் பேர் இல்லை.

அவருடைய நாவல்களில் இருள் மிகுதி என்றும், பிள்ளைகள் மனத்தில் அவநம்பிக்கையை விதைக்கும் என்றும் குறை கூறியவர்கள் உண்டு. 'டியர் மிஃபி' போன்ற நூல்கள் பெரியவர்களையே நடுங்க வைப்பவைதாம். ஆனால் வீட்டில் அடியுதையையும், பள்ளியில் அவமானத்தையும், உள்ளத்தில் காரணம் புரியாத பாரத்தையும் சுமந்துகொண்டு வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்கு, அப்படிப்பட்ட துன்பம் உலகில் இல்லவே இல்லை என்பதுபோல் எழுதப்பட்ட புத்தகத்தைக் கொடுப்பதனால் என்ன பயன்? தன் துயரம் வேறொருவராலும் அறியப்பட்டிருக்கிறது என்ற எண்ணமே பல சமயங்களில் முதல் ஆறுதலாகிறது. எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் ஏற்றதன்று என்பது மெய்யே. ஆயினும் பிள்ளைகளைப் பாதுகாப்பது வேறு, அவர்கள் அறிந்ததை அறியாதவர்களாக நடிக்கச் சொல்வது வேறு.

இனி, மாணவர்களுக்காக அவர் நடத்திய எழுத்துப் பயிலரங்குகளுக்கு வருவோம். புகழ் பெற்ற பிறகு ஆசிரிய உத்தியோகத்தை விட்டு முழுநேர எழுத்தாளராக அமர்ந்துவிடுவது எளிது. மார்ஸ்டனோ, கிடைத்த வருவாயைக் கொண்டு, மெல்பர்னுக்கு வடக்கே ரோம்சி ஊருக்கு அருகில், ஜோன் லிண்ட்ஸேயின் நாவலால் பிரபலமான ஹாங்கிங் ராக் என்ற பாறைக் குன்றுக்குச் சற்றுத் தொலைவில், டை எஸ்டேட் என்னும் 850 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கினார். அங்கே மாணவர்களுக்கென எழுத்து முகாம்களைப் பல ஆண்டுகள் நடத்தினார். பள்ளிகளுக்கும் நேரில் சென்று பயிலரங்குகள் நடத்தினார். கற்பித்தலில் தாம் கண்டறிந்தவற்றைத் தொகுத்து 1993இல் 'எவரிதிங் ஐ நோ அபௌட் ரைட்டிங்' என்ற நூலை எழுதினார். இலக்கண விதிகளை அடுக்கும் பாட நூலாக இல்லாமல், எதிரே அமர்ந்து சம்பாஷிப்பது போன்ற நடையில் அமைந்த அந்த நூலின் இறுதியில், எழுதிப் பழகுவதற்கான தலைப்புகளை நூற்றுக்கணக்கில் சேர்த்திருக்கிறார்.

வகுப்பறைக் கட்டுரைக்கும் பயிலரங்கு எழுத்துக்கும் உள்ள பேதத்தைச் சாதாரண வாசகர் தெரிந்துகொள்வது அவசியம். வகுப்பில் தலைப்பு ஆசிரியருடையது. எழுதும் காலம் மணியடிக்கும் வரை. படிக்கப்போகிறவர் திருத்துகிற ஒருவரே. முடிவில் கிடைப்பது மதிப்பெண். மதிப்பெண் இழக்காமல் இருக்க உத்தமமான வழி, முன்பே பலர் எழுதியதையே தானும் எழுதுவதுதான் என்பதைப் புத்திசாலி மாணவன் சீக்கிரம் கண்டுகொள்கிறான். மழைக்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால், தான் நனைந்த மழையை விட்டுவிட்டு, கட்டுரைப் புத்தகத்தில் பெய்த மழையை எழுதுகிறான். பயிலரங்கிலோ எழுதுகிறவன் தன் விஷயத்தைத் தானே தேடிக்கொள்கிறான். முதலில் எழுதியது முடிந்த முடிவல்ல, அடித்துத் திருத்தத் தக்க கரட்டு வரைவு என்று அறிகிறான். சக மாணவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், எந்த இடத்தில் அவர்கள் கவனம் சிதறிற்று என்பதைக் கண்கூடாகக் காண்கிறான். பிழை திருத்தமும் உண்டு. ஆனால் சொல்லவந்தது நிலைபெற்ற பிறகே அது வருகிறது.

மார்ஸ்டன் தம் நூலில் வலியுறுத்தும் கொள்கைகளும் இத்தகையனவே. பலர் வாயில் அடிபட்டுத் தேய்ந்த சொற்றொடர்களை விலக்கி, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்கிறார். மொழி உயிருள்ளது, விளையாட இடங்கொடுப்பது என்கிறார். இவை புதிய உண்மைகள் அல்ல. நாடோறும் எழுதுகிற ஒருவர், பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து இவற்றைச் சொன்னார் என்பதிலேதான் அவற்றின் பலம் இருக்கிறது. நீந்தத் தெரிந்தவன் நீரில் இறங்கி நின்று கற்பிப்பதற்கும், கரையில் நின்று விதிகளை ஒப்பிப்பதற்கும் உள்ள தூரம் அது. எழுத்தாளன் ஒருவன் தானும் தடுமாறுகிறான், தானும் அடித்து எழுதுகிறான் என்பதை அறியும் மாணவன், தன் தடுமாற்றத்தைத் தகுதியின்மையாக எண்ணுவதை விட்டுவிடுகிறான்.

இந்த முகாம்களைத் தொடர்ந்து அவர் மேலும் ஒரு படி முன்னே சென்றார். 2006இல் அதே நிலத்தில் கேண்டில்பார்க் என்ற பள்ளியைத் தொடங்கித் தாமே அதன் தலைமையாசிரியரானார். சீருடை இல்லை, ஆசிரியர்களைப் பெயர் சொல்லியே அழைக்கலாம், காட்டில் நடந்து திரிவதும், மரமேறுவதும், சிற்சில ஆபத்துகளைத் தாமே அளந்து அறிவதும் கல்வியின் அங்கங்கள். 2016இல் மாசிடன் ஊரில் மேல்வகுப்புகளுக்கான மற்றொரு பள்ளியை நிறுவி, குழந்தைப் பருவத்து வேதனைகளைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ஆலிஸ் மில்லரின் பெயரை அதற்குச் சூட்டினார். கலைகளுக்கு அங்கே பிரதான ஸ்தானம். தம் கல்விச் சிந்தனைகளைத் தொகுத்து 2019இல் 'தி ஆர்ட் ஆஃப் க்ரோயிங் அப்' என்ற நூலை வெளியிட்டார். அதில் பெற்றோர்களின் மிதமிஞ்சிய கண்காணிப்பை அவர் கடுமையாகச் சாடியது விவாதத்தைக் கிளப்பியது. அவருடைய அபிப்பிராயங்கள் யாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொந்த அனுபவம் என்று ஒன்று இருந்தால்தானே சொந்தமாக எழுத ஏதாவது இருக்கும் என்ற அவருடைய வாழ்நாள் நியாயம் மறுக்க முடியாதது.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி, தம் 74ஆவது வயதில், வீட்டில் எழுத்து மேஜையருகே அவர் காலமானார். வயது வந்தோருக்காக எழுதிய 'சௌத் ஆஃப் டார்க்னஸ்' என்ற சரித்திர நாவல் 2014இல் வெளிவந்து பரிசு பெற்றது என்றாலும், மக்கள் அவரை நினைவுகூர்ந்தது பெரும்பாலும் தங்கள் பள்ளிப் பருவத்துப் புத்தகங்களுக்காகவே.

இத்தகைய ஒருவரின் வாழ்க்கையிலிருந்து மற்ற ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளத் தக்கது எது? எல்லாருக்கும் நாவல் எழுதும் ஆற்றல் வாய்ப்பதில்லை. 850 ஏக்கர் காடும் வாய்ப்பதில்லை. அவை இரண்டும் அவருடைய சிறப்புகளின் மூலமல்ல, விளைவுகளே. மூலமாக நின்றது, பிள்ளைகள் சொல்வதில் கேட்கத் தக்கது ஏதோ இருக்கிறது என்ற அசையாத விசுவாசம். அந்த விசுவாசம் உள்ள ஆசிரியர், நாற்பது நோட்டுப் புத்தகங்களைத் திருத்த உட்காரும்போது, ஒவ்வொன்றிலும் பிழையைத் தேடுவதற்கு முன்பாக, இந்த மாணவனைத் தவிர வேறு எவரும் எழுதியிருக்க முடியாத ஒரு வாக்கியம் இதில் இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் அதன் கீழே கோடிட்டு, இது நன்றாக இருக்கிறது, இதைப் பற்றி இன்னும் எழுது என்று ஓரத்தில் குறிப்பார். அதற்குத் தனி நிதியோ, அரசாங்க உத்தரவோ, புதிய பாடத்திட்டமோ தேவையில்லை. ஒரு வாக்கியத்துக்கு மெய்யான வாசகர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அறிந்த பிள்ளை, அடுத்த வாக்கியத்தை எழுத யாருடைய வற்புறுத்தலையும் எதிர்பார்ப்பதில்லை. எழுதத் தொடங்கிய பிள்ளை, பிறர் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவலினாலேயே படிக்கவும் தொடங்கிவிடும்.